நாற்பத்தோராவது எலி

தாட்சாயணியின் இடது சினைப்பையில் ஏழு சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி இருந்தது. புத்தூரில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா அதைத் திரையில் காட்டி, இதற்குச் சாக்லேட் கட்டி என்று பெயர் என்றார். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு வெளியே போய் ஒட்டிக்கொண்டு, மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிந்து, போக வழியில்லாமல் தேங்கிக் கெட்டியாகிக் கிடக்கிறது. நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும்.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவள் கணவன் வேணு கேட்டான். உள்ளே வெடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பதினோரு வருஷமாக மாதத்தில் இரண்டு நாள் தரையில் சுருண்டு கிடந்து பழகியவள் தாட்சாயணி. வலி அவளுக்குப் புதிதல்ல. வெடிக்கும் என்ற சொல்தான் புதிது. சத்தியவேட்டிலிருந்து ஸ்ரீசிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், வேகத்தடை வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். தொழிற்சாலையில் ஸ்க்ரூ முடுக்கும் இயந்திரம் அதிரும்போது ஒரு அடி தள்ளி நின்றாள். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து அடக்கினாள். முப்பத்தொரு வயதில், தன் உடம்புக்குத் தெரியாமல் நடக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷனுக்காகத் திருப்பதிக்கு வந்த அன்றுதான் ரேணிகுண்டா சாலையில் அந்தப் பலகையைப் பார்த்தார்கள். தேசிய உடல்நுண்ணுயிர் உயராய்வு நிலையம். பெண்களின் வயிற்று வலிக்கு பாக்டீரியா காரணமா? இலவச ஆய்வு, இலவசச் சிகிச்சை. சிகிச்சை என்ற சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அந்தக் குறிக்கான விளக்கம் பலகையின் பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி எழுதப்பட்டிருந்தது.

ரமணா என்ற குமாஸ்தா அவளைப் பதிவு செய்தார். இருநூற்றுப் பதினான்கு கேள்விகள். சுகப்பிரசவத்தில் பிறந்தாயா, அறுவையிலா. முதலில் குடித்தது தாய்ப்பாலா, கழுதைப்பாலா. சிறுவயதில் வீட்டில் எத்தனை மாடுகள், அவற்றோடு பழக்கம் எப்படி. கிணற்று நீரா, போர் நீரா. கடைசிக் கேள்வி, பொதுவாக மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்பது. எங்கே வலிக்கிறது என்ற கேள்வி மட்டும் வரவே இல்லை. கடைசிவரை காத்திருந்துவிட்டு அவளே அதைச் சொன்னாள்.

"வலி வேற செக்‌ஷன்மா," என்றார் ரமணா.

"அது எங்க கீது சார்?"

"இன்னும் சாங்ஷன் ஆகல."

பத்தொன்பது பக்க ஆங்கில ஒப்புதல் படிவத்தில் அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். அது செல்லுமா என்று சந்தேகம் வந்ததால் கைரேகையும் வாங்கிக்கொண்டார்கள்.

நிலையத்தின் இயக்குநர் டாக்டர் நாகபூஷணம் புதிதாகச் சேர்ந்தவர்களைத் தானே நேரில் வரவேற்பார். அவர் பேசியது தெலுங்கில். தாட்சாயணிக்குத் தெலுங்கு பள்ளிக்கூடத்து மொழி என்பதால் முழுக்கப் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பாள்.

"அம்மா, நீ உன்னை ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது பழைய கருத்து," என்று ஆரம்பித்தார் அவர். "உன் உடம்பில் உன்னுடைய செல்களுக்குக் குறையாத எண்ணிக்கையில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஓட்டெடுப்பு வைத்தால் நீ தோற்றாலும் தோற்பாய். இதுவரை டாக்டர்கள் உன்னை மட்டுமே கேட்டுச் சிகிச்சை செய்தார்கள். பெரும்பான்மையைக் கேட்கவே இல்லை. அந்த அநீதியைச் சரிசெய்யத்தான் இந்த நிலையம்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். இந்த நோய் உள்ள பெண்கள் சிலரின் கர்ப்பப்பைச் சவ்வில் ஒருவகை பாக்டீரியா அதிகம் இருப்பதாக வெளிநாட்டில் கண்டிருக்கிறார்கள். எலிகளுக்கு அதைச் செலுத்தினால் நோய் வளர்கிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் குறைகிறது. பெண்களிடம் இன்னும் எதுவும் உறுதியாகவில்லை. உறுதியாகும்வரை தாட்சாயணி போன்றவர்களின் பாக்டீரியாக்களைக் கலைக்காமல், பயமுறுத்தாமல் பாதுகாக்க வேண்டும்.

"அந்த மாத்திரைய எனக்குக் குடுத்துப் பாக்கலாமே சார்," என்றாள் தாட்சாயணி.

இயக்குநர் வருத்தத்தோடு சிரித்தார். "எலிகளுக்கு மட்டும்தான் அனுமதி இருக்கிறது."

ஆபரேஷன் எப்போது என்று வேணு கேட்டான். மூன்றாம் மாதிரி எடுத்து முடிந்ததும் அந்தக் கோப்பு குழுவுக்குப் போகும் என்றார். அதற்குள் வெடித்துவிட்டால் என்று அவன் இழுத்தான். அப்படி நேர்ந்தால் அதுவும் ஒரு தகவல்தான் என்று இயக்குநர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

முதல் மாதிரியை விலக்கு வந்த இரண்டாம் நாள் எடுக்க வேண்டும். அன்றைக்குத்தான் அவளால் நிமிர்ந்து நிற்கவே முடியாது. நாகலாபுரம், புத்தூர் வழியாக மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கியவளை வாசலிலேயே காவலாளி நிறுத்திவிட்டான். ஆய்வகக் கட்டடத்துக்குச் சாந்தி செய்து, மைனஸ் எண்பது டிகிரி குளிர்பெட்டிக்குக் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் உடைத்துவருகிறார்கள். அந்த மூன்று நாளில் இருக்கும் பெண்கள் உள்ளே வரக் கூடாது. அந்த மூன்று நாளை ஆராய்வதற்காகத்தானே கட்டடம் கட்டினார்கள் என்று வேணு கேட்டான். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு என்றான் காவலாளி.

மதில் சுவரோரம் ஒரு தகரக் கொட்டகையில் மாதிரி எடுத்தார்கள். குப்பியைப் பட்டுத்துணி போட்ட பெட்டியில் வைத்து, ஏசி வண்டியில் ஏற்றி, ஐம்பது அடி தூரத்தில் இருந்த கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். தாட்சாயணி கொட்டகையின் தகரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வலி மாத்திரை கேட்டதற்கு, எந்த மாத்திரையும் பாக்டீரியாவின் மனநிலையைப் பாதிக்கும் என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்கள். தயிர், மோர், கூழ், இட்லி, தோசை, ஊறுகாய், புளித்தது எதுவும் ஆகாது. வெளியிலிருந்து வரும் பாக்டீரியாக்கள் உள்ளே இருப்பவர்களோடு சண்டை போடலாம்.

"இன்னாதான் துன்றது?" என்றான் வேணு, தாளைப் புரட்டிப் பார்த்து. "பின்னாடியும் ஒண்ணும் காணோம்."

இரண்டாம் மாதம் கட்டி எட்டரை சென்டிமீட்டர் ஆகியிருந்தது. அளந்து சொன்ன ரமணா, பயப்பட வேண்டாம், உங்கள் எலி நன்றாக இருக்கிறது என்றார்.

தன் பெயரில் ஒரு எலி இருப்பது தாட்சாயணிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் மாதிரியிலிருந்த பாக்டீரியாவை எடுத்து, பதினான்காம் எண் எலிக்குச் செலுத்தியிருந்தார்கள். அதற்கும் அதே நோய் வந்திருந்தது. அன்று அவள் விலக்கில் இல்லாததால் உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார்கள்.

நாற்பது எலிகள், நாற்பது கண்ணாடிக் கூண்டுகள். இருபத்திரண்டு டிகிரி குளிர். கரன்ட் போனால் மூன்று நொடியில் ஜெனரேட்டர். ஐம்பது வயது மதிக்கத்தக்க இஸ்மாயில் என்பவர் எலிகளுக்குக் காவல். கையில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு எலியின் முகத்தையும் உற்றுப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். அட்டையில் எலி முகங்கள் வரைந்திருந்தன. கண்ணை இடுக்கினால் ஒரு மதிப்பெண், கன்னம் உப்பினால் ஒன்று, காதைப் பின்னுக்கு இழுத்தால் ஒன்று, இப்படியே பத்து வரை. ஒரு நாளைக்கு நாலு தடவை பார்க்க வேண்டும். நாலு மதிப்பெண்ணைத் தாண்டினால் உடனே வலி மருந்து. விலங்கு நலக் குழுவின் கண்டிப்பான உத்தரவு.

"உன் பதினாலு இன்னிக்கு ரெண்டுதான்மா. நல்லா துன்னுது. ராத்திரி சக்கரத்துல ஓடிக்கினு இருந்துச்சு," என்றார் இஸ்மாயில், சொந்தக்காரர்களிடம் சொல்வதுபோல.

அதற்கு அந்த ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுக்கிறீர்களா என்று தாட்சாயணி கேட்டாள். காலையும் மாலையும் கொடுப்பதாகச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை எலி முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. அதன் வயிற்றுக்குள் தன்னுடைய நோய் இருக்கிறது. அது குணமாகிக்கொண்டிருக்கிறது. தன் வயிற்றிலிருப்பது வளர்ந்துகொண்டிருக்கிறது.

வெளியே வந்ததும் வேணு, "எலிக்கு வலிக்கிதான்னு பாக்க ஆள் போட்டுக்கிறானுங்க. ஓடியாடி வெளையாட சக்கரம் வேற. நீ போய் அது பக்கத்துல குந்திக்கமே, ஒரு சொட்டு மருந்தாவது சிந்தும்," என்றான். அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் வயிறு குலுங்கும்.

நோயாளிகள் நலக் குழு என்று ஒன்றும் நிலையத்தில் இருக்கத்தான் இருந்தது. அதன் தலைவர் பதவி நாலு வருஷமாகக் காலி.

அடுத்த வாரம் நிலையத்துக்குச் சொல்லாமல் சித்தூருக்குப் போனார்கள். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று திட்டி, நாளைக்கே செய்துவிடலாம் என்றார். தாட்சாயணிக்கு அழுகை வந்தது. அவளுடைய ஆதார் எண்ணைக் கணினியில் தட்டியதும் திரையில் சிவப்பாக ஒரு வரி ஓடியது. ஆய்வுக்குரிய வாழிடம், அனுமதியின்றித் திறக்கக் கூடாது.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். பிறகு கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "அவங்க லெட்டர் குடுத்தா செய்றேம்மா," என்றார். ஸ்கேனைக் கையால் தொடாமல் முழங்கையாலேயே அவள் பக்கம் தள்ளினார். டாக்டரே பயப்படும் ஒன்றுக்குள் தான் கைரேகை வைத்துவிட்டு வந்திருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. படுத்தே கிடந்தாள். திரும்பிப் படுக்கவும் வேணுவைத் துணைக்குக் கூப்பிட்டாள். தினமும் காலையில் இஸ்மாயிலுக்குப் போன் செய்து பதினாலு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஏன் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்று, இரண்டு என்று அவர் மதிப்பெண் சொல்வார். அது குறையக் குறைய இவளுக்குத் திகில் கூடியது. உலகத்தில் தனக்காக வைத்திருந்த ஆரோக்கியம் முழுவதையும் அந்த எலி தின்று தீர்த்துவிடும் என்று தோன்றியது.

மூன்றாம் மாதம் பதினாலாம் எலி முழுக்கக் குணமாகிவிட்டதை நிலையம் விழா எடுத்துக் கொண்டாடியது. பாக்டீரியாவின் மூலத்தாய் என்ற முறையில் தாட்சாயணிக்கும் அழைப்பு வந்தது. கட்டி அப்போது ஒன்பதரை. அவளை மூன்றாம் வரிசையில் உட்காரவைத்தார்கள். எலிக்குச் சரிகை போட்ட ஒரு சின்னத் துண்டு போர்த்தினார்கள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "நம்மைப் பார்த்துச் சிலர் கேட்கிறார்கள், இத்தனை பெண்களைச் சேர்த்தீர்களே, ஒருத்தியையாவது குணமாக்கினீர்களா என்று. குணமாக்குவது சுலபம். யார் வேண்டுமானாலும் செய்யலாம். சித்தூரில்கூடச் செய்கிறார்கள். ஆனால், குணமான பெண் நமக்கு எதைச் சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள். வீட்டுக்குப் போய்விடுவாள். நோயுள்ள பெண்தான் திரும்பத் திரும்ப வருகிறாள்."

கைதட்டல் அடங்குமுன் தாட்சாயணிக்கு வலி பிடித்தது. வழக்கமான வலி இல்லை. யாரோ உள்ளே துணி பிழிவதுபோல இருந்தது. வெடிக்கப்போகிறது, இங்கேயே, இந்த நாற்காலியில் என்று நினைத்தாள். கத்தவும் பயந்தாள். கத்தினால் அதுவே வெடிக்க வைத்துவிடும்.

மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்த டாக்டர் ஸ்வர்ணலதா, விலங்கு நலக் குழுவின் தலைவி, கால்நடை மருத்துவர். பேச்சைக் கேட்கும் பழக்கம் இல்லாதவர். முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வரிசையில் ஒரு முகத்தில் அவர் பார்வை நின்றது. கண் இடுங்கியிருக்கிறது, கன்னம் உப்பியிருக்கிறது, மூக்கு புடைத்திருக்கிறது. எழுந்து நேராகக் கீழே இறங்கி வந்தார்.

"எட்டு," என்றார். "எந்த நம்பர் இது? நாலுக்கு மேல போனா மருந்து குடுக்கணும்னு உத்தரவு போட்டிருக்கேனா இல்லையா?"

ரமணா ஓடிவந்து, மேடம், இது எலி இல்லை, பேஷண்ட் என்றார்.

"பாக்டீரியா யார் உடம்புல இருக்கு?"

"இவங்க உடம்புலதான்."

ஸ்வர்ணலதா கைப்பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். விலங்கு என்பது, ஆய்வுக்குரிய நுண்ணுயிர் எதன் உடலில் வைத்துப் பராமரிக்கப்படுகிறதோ, அது. இரண்டு தடவை படித்தார். "மனுஷங்க தவிரன்னு எங்கயும் எழுதலியே," என்றார்.

விலங்கு நலக் குழு மட்டும்தான் அந்த நிலையத்தில் ஒரே மணி நேரத்தில் கூடக்கூடிய குழு. அதன் உத்தரவை இயக்குநராலும் தள்ள முடியாது. டிபன் வந்து சேருவதற்குள் தீர்மானம் நிறைவேறியது. நாற்பத்தோராம் எண் விலங்குக்கு இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்து வலியை நீக்க வேண்டும். குழுவில் சமூகப் பிரதிநிதியாக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ரங்கையா, விலங்கு சைவமா அசைவமா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ரமணா படிவத்தை நிரப்பினார். இந்தத் தடவை ஒரே பக்கம்தான். எடை என்ற இடத்தில் கிராம் கணக்கில்தான் எழுத முடியும் என்பதால் ஐம்பத்திரண்டாயிரம் என்று எழுதினார். நிறம், மாநிறம். வால், இல்லை. எப்போது இழந்தது என்ற கேள்விக்குப் பிறவியிலிருந்தே என்று போட்டார். காதில் எண் தகடு மாட்ட வேண்டும். ஏற்கெனவே குத்தியிருந்ததால் சிரமம் இல்லை. கம்மலைக் கழற்றி வேணுவிடம் கொடுத்துவிட்டு, அந்த ஓட்டையிலேயே 41 என்ற தகட்டைக் கோத்தார்கள்.

"போட்டும் வுடு," என்று வேணு அவள் காதருகே சொன்னான். "எலியோ பூனையோ, எடுத்து வுட்டானுங்கன்னா சரி."

அவளும் அதையேதான் நினைத்தாள். கையெழுத்துப் போடக் கை நீட்டினாள். விலங்குகளிடம் கையெழுத்து வாங்குவதில்லை என்று ரமணா பேனாவை வாங்கிக்கொண்டார்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கட்டியைச் சிதறாமல் எடுத்து, சினைப்பையைக் காப்பாற்றியிருந்தார்கள். கண் விழித்தபோது தாட்சாயணி முதலில் வலியைத் தேடினாள். தைத்த இடத்தில் எரிச்சல் இருந்தது. பதினோரு வருஷமாக உள்ளே குடியிருந்தது மட்டும் இல்லை.

பிறகு நடந்த உபசாரத்தை அவள் பிறந்த வீட்டிலும் பார்த்ததில்லை. இருபத்திரண்டு டிகிரி குளிர். நேரத்துக்குச் சாப்பாடு, அளந்து. நாலு வேளையும் ஒருவர் வந்து முகத்தை உற்றுப் பார்த்து மதிப்பெண் போட்டார். பஞ்சு ஒரு கட்டு, அட்டையில் செய்த ஒரு குழாய் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்கள். மனச்சோர்வு வராமலிருக்க விலங்குகளுக்கு அவசியம் தர வேண்டும் என்று விதி. குழாய்க்குள் தலையை நுழைத்துப் பார்த்தாளா என்று மாலையில் வந்து விசாரித்தார்கள்.

எட்டாம் நாள் இஸ்மாயில் பார்க்க வந்தார். தாட்சாயணி சந்தோஷமாக, பதினாலு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். "அது முடிஞ்சிருச்சும்மா. விழா நடந்து நாலா நாளு."

"கொணமாயிருச்சுன்னு சொன்னாங்களே."

"கொணமானதுனாலதான். உள்ள நெஜமாவே சரியாயிடுச்சான்னு பாக்கணும் இல்ல. தொறந்துதான பாக்கணும். கொணமான எல்லாத்துக்கும் அப்பிடித்தான்." கட்டிலில் கிடந்த குழாயை நேராக வைத்தபடி, "வலியே இருக்காது. அதுல மேடம் ரொம்ப கண்டிஷன்," என்றார்.

தாட்சாயணி கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையை எட்டி எடுத்தாள். நாற்பத்தொன்று என்று மேலே எழுதியிருந்தது. முதல் நாள், அறுவை. ஏழாம் நாள், தையல் பிரித்தல். பதினான்காம் நாள், எடை. கீழே, இருபத்தெட்டாம் நாள், திறந்து சரிபார்த்து முடித்தல்.

மறுநாள் காலை இயக்குநர் வந்தபோது அவள் போர்வையை இழுத்துக் காதுத் தகட்டை மூடிக்கொண்டாள். வேணுதான் அட்டையைக் காட்டிக் கேட்டான். இயக்குநர் கவலைப்படவே இல்லை. "இவர்கள் விஷயம் தனி என்று எங்களுக்குத் தெரியாதா? விதிவிலக்கு கேட்டு டெல்லிக்கு எழுதிவிட்டோம். எட்டு வாரத்துக்குள் பதில் வந்துவிடும்."

"இருபத்தெட்டு நாள்னு போட்டுக்கீதே சார். அது நாலு வாரம்தான."

"அதனால்தான் அவசரம் என்று மேலே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்," என்றார் இயக்குநர். "இதோ பாரப்பா, இந்த நிலையத்தில் இதுவரை நானூறு விலங்குகள் முடிந்திருக்கின்றன. ஒன்றுகூட ஆட்சேபணை எழுதிக் கொடுத்ததில்லை. நீங்கள் முதலில் எழுதிக் கொடுத்தால் அதையும் அனுப்பிவைக்கிறேன்."

இயக்குநரோடு வந்திருந்த ஸ்வர்ணலதா தாட்சாயணியின் நெற்றியில் கை வைத்தார். அந்த நிலையத்தில் அவளைத் தொட்டுப் பேசிய ஒரே ஆள் அவர்தான். "பயப்படாதேம்மா," என்றார் உண்மையான அன்போடு. "உனக்கு வலிக்க விடமாட்டேன். அத நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்குப் போகிறோம் என்று வேணு ரமணாவிடம் டிஸ்சார்ஜ் சீட்டு கேட்டான். பேஷண்டுகளுக்குத்தான் டிஸ்சார்ஜ் உண்டு. விலங்குகளுக்கான பதிவேட்டில் மூன்றே பத்திகள். மாற்றப்பட்டது, முடிந்தது, தப்பியது. ரமணா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எதில் எழுத என்று பொறுமையாகக் காத்திருந்தார்.

டீ நேரத்தில் அவர்கள் நடந்தே வெளியேறினார்கள். காவலாளி தடுக்கவில்லை. உள்ளே வருவதைத் தடுக்கத்தான் அவனுக்கு உத்தரவு. தாட்சாயணி முந்தானையால் காதை மூடிக்கொண்டு பஸ் ஏறினாள். தகட்டின் திருகாணி சுழலவில்லை. புத்தூர் வரும்வரை திருகிப் பார்த்துவிட்டு, ரத்தம் வந்ததும் விட்டுவிட்டாள்.

சத்தியவேட்டில் நாட்களை எண்ணத் தொடங்கினாள். பதினேழு. இருபது. ஜீப் சத்தம் கேட்டால் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேணு அவளுக்குத் தைரியம் சொல்வான். ஆனால், அவனும் கழனிக்குப் போகுமுன் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் போனான். இருபத்துமூன்றாம் நாள் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. தங்கள் விலங்கு எண் 41 தப்பியதாகப் பதிவாகியுள்ளது. விதி ஒன்பதின்படி மீட்பு நடவடிக்கை எடுக்கப்படும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

இருபத்தாறாம் நாள் விலக்கு வந்தது. அவள் பாயை விரித்து, பக்கத்தில் வாளியை வைத்துக்கொண்டு, வழக்கமான வலிக்காகப் படுத்துக் காத்திருந்தாள். மதியம்வரை வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. இது குணம்தான் என்று அவளுக்கு நிச்சயமானபோது, குணமானவற்றை என்ன செய்வார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வேணு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது கொஞ்சம் வலிக்கிறது என்று பொய் சொன்னாள்.

இருபத்தெட்டாம் நாள் காலை வேணு கழனிக்குப் போனபிறகு வாசல் பக்கம் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. பிறகு அடங்கிவிட்டது. வெகுநேரம் கழித்து அவள் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள்.

வாசலை ஒட்டி ஒரு கூண்டு நின்றது. ஆள் உயரம். புதிதாக வெல்டிங் செய்து பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். திறந்த அதன் கதவு, வீட்டு நிலையோடு இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தது. படி இறங்கினால் அதற்குள்தான் இறங்க வேண்டும். மேலே நிலையத்தின் பெயர், அதன் கீழே, 52,000 கிராமுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தது. எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில் ரமணா மடியில் பதிவேட்டை வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காதவர்போல வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பொறி வைத்தவர்கள் அப்படித்தான் உட்கார வேண்டும் என்று விதி.

கூண்டின் கோடியில், கம்பியில் தொங்கிய ஒரு தாம்பாளம் நிறைய மசால் வடை இருந்தது. இப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தது. ஆவி பறந்தது, வெங்காய வாசனை வீட்டுக்குள் வந்தது.

தாட்சாயணி நிலைக்கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, விலக்கான நாளில், அவளுக்கு நன்றாகப் பசித்தது.